கருடன் படத்துக்கு அடியில் என் பெயர்

உன் தோல் பை என் மேசைக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. வாடை இன்னும் போகவில்லை. பேகம்பூரில் உங்கள் கிட்டங்கிக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறுமே, உப்புப் போட்டு அடுக்கிய தோலின் வாடை, அதுதான். தூறல் விழுந்தால் அறை முழுவதும் பரவி, எதிர் நாற்காலியில் நீ உட்கார்ந்திருப்பது போலாகிவிடுகிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. எழுந்து போய்ச் சன்னலைத் திறந்துவைக்கிறேன்.

உன் மனைவி, நீ போன துக்கத்துக்கு வீட்டுக்குள்ளேயே இருக்கும் இத்தா முடிந்து வெளியே வந்த முதல் வாரமே ஆட்டோ பிடித்து என் ஸ்டுடியோவுக்கு வந்துவிட்டது. பையை மேசைமேல் வைத்தது.

"அண்ணே, அவுக இருக்கும்போதே சொல்லிட்டாக. இந்த லென்சு உங்களுக்குத்தான்னு."

"எனக்கு எதுக்கு தங்கச்சி? எங்கிட்டதான் ஒண்ணு இருக்கே."

"அதயும் சொன்னாக. 'எங்கிட்டதான் ஒண்ணு இருக்கேம்பான். நீ பதில் பேசாம மேசையில வச்சுட்டு வந்துரு'ன்னாக."

சொன்னபடியே பதில் பேசாமல் போய்விட்டது. கபர்ஸ்தானுக்குப் போன பிறகும் என் வாயை அடைக்க ஆள் அனுப்புகிறவன் நீ ஒருவன்தான்.

இரண்டு லென்ஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். உன்னுடையது ஒன்றரைக் கிலோ. வெள்ளை உடம்பு, இரும்புக் கழுத்து, முன்னால் சாப்பாட்டுக் கிண்ணம் அளவுக்குக் கண்ணாடி. என்னுடையது கறுப்புப் பிளாஸ்டிக். கீழே சாய்த்தால் தானாகவே நீண்டுகொள்ளும். அதற்காக ஒரு ரப்பர் வளையம் மாட்டியிருக்கிறேன். நீ அந்த வளையத்தைக் கூட விட்டுவைக்கவில்லை. "மாப்ளே, அருணாக்கயிறு கட்டியாச்சா?" என்று பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் பத்துப் பேருக்கு முன்னால் கேட்டாய்.

இரண்டையும் ஒரே நாளில், ஒரே கடையில்தானே வாங்கினோம். மதுரைக்கு ஒரே பஸ்ஸில் போனோம். கடைக்காரர் இரண்டையும் கண்ணாடி மேசையில் வைத்தார். நீ என் முழங்கையைப் பிடித்து இழுத்தாய்.

"தூரத்த வாங்காத மாப்ளே. வெளிச்சத்த வாங்கு."

"திண்டுக்கல்லுல வெயிலுக்கு என்னப்பா பஞ்சம்? அதயும் காசு குடுத்து வாங்கணுமா?" என்றேன். கடையில் எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். "எனக்கு முன்னூறு வரைக்கும் எட்டும். உனக்கு இருநூறோட நின்னுரும். கொறச்சலா எட்டுறதுக்குப் பத்து மடங்கு வெல குடுக்குற ஆளு நீயாத்தான் இருப்ப."

அன்று சொன்னதை இன்றைக்கும் நான் வாபஸ் வாங்கவில்லை. உன் லென்ஸில் எவ்வளவு தூரம் இழுத்தாலும் உள்ளே வரும் வெளிச்சம் குறையாது, என்னுடையதில் இழுக்க இழுக்க இருட்டும் என்பது எனக்கு அப்போதே தெரியும். எனக்கு வாத்தியார் கிடையாது. கேமராப் பெட்டிக்குள் இருந்த சின்னக் கையேட்டை மடிப்புக் கிழியும்வரை படித்துக் கற்றவன் நான். ஆனால் உனக்குப் படம் எடுப்பது ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு. எனக்கு அதுதான் பிழைப்பு. காலையில் காதுகுத்து, மத்தியானம் பள்ளிக்கூட ஆண்டு விழா, நடுவில் பாஸ்போர்ட் போட்டோ. ஒன்றரைக் கிலோவைக் கழுத்தில் கட்டிக்கொண்டு நாள் முழுக்க நிற்கிறவனுக்குத்தான் கழுத்தெலும்பின் அருமை தெரியும். அடிக்கிற வெயிலில் எட்டடி தள்ளி நிற்கும் மாப்பிள்ளையை எடுக்க உன் லென்ஸ் எதற்கு?

நீ விடவே இல்லை. "உன் லென்சு கவர்மெண்டு ஆபீசு மாப்ளே. சாயங்காலம் அஞ்சு மணியானா பூட்டிரும்" என்றாய். "உன்னோடதத் தூக்க ஒரு ஆளு, படம் எடுக்க இன்னொரு ஆளு வேணும்" என்றேன் நான். பத்துப் பன்னிரண்டு வருடம் இதே பேச்சுத்தான். இந்தப் பேச்சில் நான் உன்னை ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். ஜெயித்ததற்குச் சாட்சி அகரம் தாண்டி இருக்கும் அம்மன் கோயிலின் மண்டபச் சுவரில், சட்டம் போட்டுத் தொங்கியது.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் அங்கே கும்பாபிஷேகம். படம் எடுக்கும் வேலை எனக்கு. கமிட்டிக்காரர்கள் ஒன்றைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னார்கள். கலசத்தில் தீர்த்தம் ஊற்றும் நேரத்தில் கருடன் வந்து வட்டமிடும். கலசமும் கருடனும் ஒரே படத்தில் விழ வேண்டும். அதுதான் விழா மலருக்கு அட்டை. அது இல்லாவிட்டால் மற்ற ஆயிரம் படமும் வீண். எதிரில் இருந்த உரக்கடை மாடியில் நான் நின்றேன். நீயும் வேடிக்கை பார்க்கிறேன் என்று உன் வெள்ளை லென்ஸோடு வந்து பக்கத்தில் நின்றாய்.

ஆவணி மாதம். வானம் மூடிக்கிடந்தது. நான் பெருமை பேசிய திண்டுக்கல் வெயில் அன்றைக்கு என்று பார்த்து வரவில்லை. சாரத்தின் உச்சியில் குருக்கள் குடத்தைத் தூக்கினார். ஒலிபெருக்கியில் மந்திரம் உச்சத்துக்குப் போனது. கூட்டத்தில் ஒரு பெண் "அந்தா! கருடன் வந்துட்டாரு!" என்று கத்தினாள். அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்துக் கை கூப்பினார்கள். என் லென்ஸ் சாம்பல் வானத்தில் எதைப் பிடிப்பது என்று தெரியாமல் முன்னும் பின்னும் ஓடியது. பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் உன் கேமரா நாலே நாலு தடவை சத்தம் போட்டது.

"விழுந்துச்சா?" என்று கேட்டாய்.

"விழாம?" என்றேன். அந்தச் சின்னத் திரையில் என்ன பெரிதாகத் தெரியும்? கறுப்பாக ஏதோ இருந்தது.

பதினொரு மணிக்குச் சேவுகம்பட்டியில் ஒரு நிச்சயதார்த்தம் இருந்தது. "கார்ட உங்கிட்டத் தாரேன். சி.டி. போட்டு மலர் அடிக்கிற பிரஸ்ஸுல குடுத்துரு" என்று உன் கையில் கொடுத்துவிட்டு ஓடினேன். மறுநாள் நீ கார்டையும் ஒரு சி.டி.யையும் கொண்டுவந்து கொடுத்தாய். சி.டி. இருக்கிறதே என்று கார்டில் இருந்ததை அழித்துவிட்டு அடுத்த கல்யாணத்துக்குப் போட்டுவிட்டேன். என்னிடம் இருந்ததே இரண்டு கார்டு. எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். அதை நம்பித்தான் நீ செய்திருக்கிறாய்.

மலர் வந்தது. அட்டையில் கலசத்துக்கு மேல் கருடன். செம்பழுப்பு இறக்கை, வெள்ளைத் தலை, விரித்த வாலில் இறகு இறகாக எண்ணலாம். கீழே 'படம்:' என்று போட்டு என் பெயர். அதையே பெயரோடு பெரிதாக்கி மண்டபத்தில் மாட்டினார்கள். நான் உன்னை அங்கே இழுத்துக்கொண்டு போய் நிற்கவைத்தேன்.

"பாத்துக்க. கவர்மெண்டு ஆபீசு எடுத்த படம்."

"ஆமப்பா. உன் லென்சு ராசியான லென்சு" என்று சொல்லிவிட்டு நீ செருப்பை மாட்டிக்கொண்டாய். உன் முகத்தில் இருந்த சிரிப்பைத் தோற்றவனின் சிரிப்பு என்று எடுத்துக்கொண்டேன். அதன் பிறகு எத்தனை டீக்கடையில், எத்தனை பேரிடம் அந்தப் படத்தைச் சொல்லி உன்னை மட்டம் தட்டியிருப்பேன்! நீ ஒரு தடவை கூட எதிர்த்துப் பேசவில்லை.

எனக்குச் சந்தேகமே வரவில்லை என்று எழுதத்தான் ஆசை. ஆனால் அதற்குப் பிறகு என் லென்ஸ் ஒரு நாளும் அப்படி ஒரு படம் எடுக்கவில்லை. தூசி என்றேன், கை நடுக்கம் என்றேன், கேமரா பழசு என்றேன். அந்தப் படத்தை மட்டும் நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

இந்த ஆவணியில் அதே கோயிலுக்கு மறுபடி கும்பாபிஷேகம். போன மாதம் கமிட்டிச் செயலாளரைப் பார்க்கப் போனேன். அரிசி மண்டி வைத்திருப்பவர், உனக்கும் பழக்கம். உட்காரவைத்துக் காபி கொடுத்தார். பிறகு சங்கடமாகக் காதைச் சொறிந்தார்.

"எல்லாம் சரிண்ணே. இந்தத் தடவ பாய் இல்லையே. கருடன் படத்துக்கு என்ன பண்ணப் போறீக?"

"பாய்க்கும் கருடன் படத்துக்கும் என்னய்யா?"

அவர் முகம் மாறியது. எழுந்து உள்ளே போகப் பார்த்தார். நான் விடவில்லை. கடைசியில் சொன்னார். "உங்க படத்துல கருடன் கரித்துண்டு மாதிரி இருந்துச்சாம்ணே. பாய் தான் எடுத்த படத்த உங்க சி.டி.யில சேத்துக் கொண்டாந்து குடுத்துட்டு, உங்க பேரையே போடச் சொன்னாரு. நாங்க அவரு பேரப் போடுறோம்னுதான் சொன்னோம். 'அவன் வேல, அவன் பேருதான் இருக்கணும்'னு ஒரே பிடியா நின்னுட்டாரு."

"யாரு யாருக்குத் தெரியும்?"

"கமிட்டிக்குத் தெரியும். பிரஸ்ஸுல தெரியும்." காபி டம்ளரை எடுத்துக்கொண்டே, "டீக்கடையில தெரியும்ணே" என்றார்.

கேட்டாயா? டீக்கடையில் தெரியும். நான் அங்கே உட்கார்ந்து என் லென்ஸின் பெருமையை அளந்தபோதெல்லாம், டீ ஆற்றுகிறவன் உள்பட எல்லோருக்கும் தெரியும். பன்னிரண்டு வருடம் என்னை அப்படிப் பேசவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பன் தின்றிருக்கிறாய்.

இதை நட்பு என்று ஊர் சொல்கிறது. செயலாளரும் கண் கலங்கி "பெரிய மனசுண்ணே" என்றார். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அன்றைக்கு மத்தியானம் எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். 'உன் படம் மங்கிப்போச்சு, என்னோடதப் போட்டுக்கட்டுமா' என்று ஒரே ஒரு வார்த்தை. நான் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். மலருக்கு அட்டை போயிருக்கும், அந்த ஊர்ப் பக்கம் வேலை போயிருக்கும். போகட்டும், அது என் தோல்வி. நான் வேண்டாம் என்பேன் என்று உனக்குத் தெரியும். அதனால்தான் நீ கேட்கவில்லை. விலை உயர்ந்த லென்ஸ் வைத்திருப்பவன் என் தோல்வியைக் கூட எனக்கு விட்டுவைக்கவில்லை.

படத்திலிருந்து என் பெயரை எடுக்கச் சொன்னேன். "பன்னெண்டு வருசம் கழிச்சு எதுக்குண்ணே" என்று செயலாளர் சிரித்து மழுப்பினார். வேலையை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

அப்புறம் ஒரு மாதம், எந்த லென்ஸ் என்பதுதான் பேச்சு. என் மனைவி கூட, "அவரு குடுத்துருக்காருல்ல, வீம்பு பிடிக்காம அதக் கொண்டு போங்களேன்" என்றாள். உன் லென்ஸை மாட்டி மொட்டை மாடியிலிருந்து தண்ணீர்த் தொட்டிக் காகத்தை எடுத்துப் பார்த்தேன். காகத்தின் கண்ணில் எங்கள் வீட்டு மாடி தெரிந்தது. அது நல்ல லென்ஸ். இதை நீ உயிரோடு இருக்கும்போது என் வாயிலிருந்து கேட்டிருக்க மாட்டாய், இப்போதும் எழுத்தில்தான் சொல்கிறேன். கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டேன்.

நேற்று கும்பாபிஷேகத்துக்கு என் லென்ஸோடுதான் உரக்கடை மாடி ஏறினேன். முன்னூறு வரை இழுக்கவில்லை, இருநூறில் நிறுத்தினேன். தானாகப் பிடிக்கும் விசையை அணைத்துவிட்டு, கலசத்தின் நுனியைக் கையால் திருப்பித் துல்லியமாக்கி, வளையம் அசையாதபடி கறுப்பு டேப் சுற்றினேன். இனி அது ஓட முடியாது. கருடன் வரட்டும், வராமல் போகட்டும், கலசத்தின் பக்கம் வந்தால் விழும். நேற்று வெயில் இருந்தது, நல்ல காட்டமான வெயில். குடம் சாய்ந்தது, கூட்டம் கத்தியது, கருடன் வந்தது.

விழுந்தது. உன்னுடையதைப் போல இறகு எண்ண முடியாது. சின்னதாக இருக்கிறது, இறக்கை நுனி கொஞ்சம் கலங்கியிருக்கிறது. ஆனால் பார்த்தவுடன் கருடன் என்று தெரிகிறது. இரண்டு கார்டில் ஏற்றி, நானே பிரஸ்ஸுக்குக் கொண்டுபோனேன். யார் கையிலும் கொடுக்கவில்லை.

அதற்கு முன் அன்னதானம் நடந்துகொண்டிருந்தபோது, மண்டபத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினேன். வீட்டிலேயே உன் பெயரை எழுதி வெட்டிக் கொண்டுபோயிருந்தேன். என் பெயருக்கு மேல் வைத்து ஒட்டினேன். இலை போட்டுக்கொண்டிருந்தவர் நின்று பார்த்தார்.

"என்னண்ணே ஒட்டுறீக?"

"பேரு தப்பா இருந்துச்சு."

"பன்னெண்டு வருசமாவா?"

"ஆமா. பன்னெண்டு வருசமா."

இதை நன்றி என்று எடுத்துக்கொள்ளாதே. உன் படத்தை உன்னிடம் திருப்பிக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

உன் லென்ஸை வாரம் ஒரு தடவை எடுத்துக் காலை வெயிலில் வைக்கிறேன். பூஞ்சை பிடித்தால் தங்கச்சி முகத்தில் விழிக்க முடியாது, அதனால்தான். நேற்று உரக்கடை மாடியில் உன் பையும் என் இடது தோளில்தான் இருந்தது. ஒருமுறையும் திறக்கவில்லை. இன்று தோள் வலிக்கிறது, தைலம் தேய்த்திருக்கிறேன், தைலத்தையும் மீறி உன் தோல் வாடை வருகிறது. மாட்டாத லென்ஸை எதற்கு அம்புட்டு உயரம் தூக்கிக்கொண்டு போனாய் என்று கேட்பாய். கேட்காதே. நீயும்தான் என்னைக் கேட்கவில்லை.