நீச்சல் குளத்துக் கலங்கல்

நவம்பர் 26, 1966. சனி

விடிந்ததிலிருந்து மழை. கடைக்குப் போகவில்லை. ஜாலான் புசார் தெருவில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவன் ஒரு நாள் போகாவிட்டால் ஆணியெல்லாம் துருப்பிடித்துவிடாது.

செய்ய நினைத்தவை: கூரை ஒழுக்கு. தலைக்கு எண்ணெய். குளம்.

ஒழுக்கு அப்படியே. எண்ணெய் ஆயிற்று. சனிக்கிழமை தவறாமல் நல்லெண்ணெய், சீயக்காய், வெந்நீர். பிறகு மழையோடு மழையாகக் குளத்தில் மிதந்தேன். இந்த வீட்டில் எனக்குப் பிடித்த நேரம் அதுதான்.

குளம்தான் சரியில்லை. அரிசி களைந்த தண்ணீர் மாதிரி வெளுத்துக் கிடக்கிறது. ஆழமான பக்கம் அடியில் இருக்கும் சல்லடை தெரியவில்லை. ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரனிடம் வீட்டை வாங்கியபோது கமலம் கேட்டாள், “இவ்வளவு பெரிய தொட்டிய வச்சுக்கிட்டு என்ன பண்றது, துணி தொவைக்கவா?” அவள் போய் இரண்டு வருஷம். துணி துவைக்கவும் ஆள் இல்லை.

மாலை ஈப்போவிலிருந்து சரோஜா டிரங்கால். பள்ளி விடுமுறை, பத்தாம் தேதி வருகிறார்களாம். ஒரு வாரம்.

“அப்பா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. போன தடவ உமாவுக்குக் காதுல சீழ் வச்சுச்சுல்ல. குளத்துத் தண்ணி தெளிவா இருந்தாத்தான் நம்ம வீட்டுல தங்கலாம்னு இவரு சொல்றாரு. இல்லன்னா அங்கேயே குவீன்ஸ்டவுன்ல இவரு அண்ணன் வீட்டுக்குப் போயிடலாமாம்.”

மாப்பிள்ளை டாக்டர். பேச்சே மருந்துச் சீட்டு மாதிரிதான்.

“உமாவ இறங்க வேணாம்னு சொன்னாப் போதாதாம்மா?”

“ஏழு வயசுப் பிள்ள, குளத்தப் பாத்துட்டுச் சும்மா இருக்குமாப்பா?”

அது வாஸ்தவம். கோவித்துக்கொள்ளவில்லை. போனை வைத்த பிறகு கோவித்துக்கொண்டேன்.

நவம்பர் 27, ஞாயிறு

குளோரின் தூள், டப்பாவில் இருந்தது முழுக்கப் போட்டேன். வீடே ஆஸ்பத்திரி வாடை. சோதனைப் பெட்டியை எடுத்துக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து மருந்துச் சொட்டு விட்டேன். குளோரின் இருந்தால் மஞ்சளாக வேண்டும். பழுத்த மாம்பழ மஞ்சள்.

தண்ணீர் மட்டும் அதே கஞ்சி.

மதியம் சோறு, மத்தி மீன் டின். இரவும் அதே.

நவம்பர் 28, திங்கள்

காலையில் சொட்டு விட்டால் மஞ்சளே இல்லை. முழு டப்பா மருந்தையும் ஒரே ராத்திரியில் யார் குடித்தது?

பக்கத்துக் கடை காதர் பாயிடம் (இனி கா.பா.) சொன்னேன். மருந்துச் சரக்கு விற்பவர். சொல்லி முடிப்பதற்குள் ஒரு மூட்டைப் படிகாரத்தைத் தூக்கி வைத்தார்.

“குடத்துத் தண்ணி கலங்கினா என்னண்ணே செய்வோம்? படிகாரத்த ஒரு சுத்துச் சுத்துவோம். குளம்னா பெரிய குடம், அவ்வளவுதான்.”

எனக்கும் அப்படித்தான் பட்டது.

நவம்பர் 29, செவ்வாய்

படிகாரக் கட்டிகளைப் பழைய வேட்டியில் முடிந்து, மூங்கிலில் தொங்கவிட்டு, குளத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். கை போயிற்று. பக்கத்து வீட்டுச் சீன அம்மாள் வேலிக்கு மேலே பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். பைத்தியம் என்று நினைத்திருப்பாள்.

சாயங்காலம் கலங்கல் இன்னும் மோசம்.

நவம்பர் 30, புதன்

குளச் சாமான் விற்கும் ஆ லிம்முக்குப் போன் செய்தேன். கடைச் சரக்கிலும் அவரோடு பழக்கம் உண்டு. மலாயில் திட்டினார். நல்ல வேளை, பாதி புரியவில்லை. புரிந்த பாதி: படிகாரம் தண்ணீரைப் புளிக்க வைத்துவிடும், புளித்த தண்ணீரில் அது வேலை செய்யாது, சலவைச் சோடா போட்டுச் சமன் செய்ய வேண்டும். சோதனைப் பெட்டியில் இருக்கும் இரண்டாவது சொட்டு அந்தப் புளிப்பைப் பார்க்கத்தானாம். மஞ்சளானால் புளிப்பு. நல்ல சிவப்பானால் காரம். இரண்டுக்கும் நடுவே ஆரஞ்சு வர வேண்டும்.

விட்டுப் பார்த்தேன். மஞ்சள்.

சோடா கரைத்து ஊற்றினேன். மறுபடி சொட்டு. மறுபடி சோடா. ஆரஞ்சு வந்தபோது இருட்டிவிட்டது. படிகாரத்தை இந்தத் தடவை பொடித்துக் கரைத்து ஊற்றி, பம்பை நிறுத்திவிட்டுப் படுத்தேன்.

டிசம்பர் 1, வியாழன்

அழுக்கெல்லாம் பஞ்சு பஞ்சாக அடியில் உட்கார்ந்திருக்கிறது. குழாய் விட்டு மெல்ல உறிஞ்சி வெளியே விட்டேன். மதியத்துக்குள் சல்லடையின் ஒவ்வொரு கம்பியும் தெரிந்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது. யாரும் இல்லை. உள்ளே வந்து கமலம் படத்துக்கு முன்னால் நின்று, “பாத்தியா?” என்றேன்.

வாங்க வேண்டியவை: பச்சை ஆப்பிள், மைலோ, கொசுவலை, உமாவுக்கு ரப்பர் வளையம்.

டிசம்பர் 3, சனி

எண்ணெய். மிதத்தல். வானம் சுத்தம். சுகம்.

டிசம்பர் 4, ஞாயிறு

மறுபடியும் கஞ்சி.

உட்கார்ந்துவிட்டேன். சொட்டு: மஞ்சள் இல்லை. இரண்டாவது சொட்டு: ஆரஞ்சு, சரியாகத்தான் இருக்கிறது. பிறகு என்னதான் கேடு?

சரோ டிரங்கால். “தண்ணி எப்படிப்பா இருக்கு?”

“கண்ணாடி மாதிரி இருக்கும்மா.”

போனை வைத்ததும் மறுபடி போய்க் குளத்தைப் பார்த்தேன். குவீன்ஸ்டவுனில் அவர்கள் இறங்கினால், என்னை ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவார்கள். சாப்பிட்டுவிட்டு நான் பஸ் ஏறி வர வேண்டும். அதற்கா இவ்வளவு பெரிய வீடு?

டிசம்பர் 5, திங்கள்

ஆ லிம் நேரில் வந்தார். தண்ணீரைப் பார்க்கவே இல்லை. குனிந்து, தண்ணீர் தொடும் இடத்துச் சுவர் ஓட்டில் விரலை வைத்து இழுத்தார். பிசுக்கு. மோந்து பார்த்தார். என் தலையைப் பார்த்தார்.

“மின்யாக் லா, முத்து.” எண்ணெய்.

பம்புக்குப் பக்கத்திலிருக்கும் மணல் வடிகட்டியைத் திறந்தார். மணலுக்கு மேல் ஒரு விரல் கனத்துக்குச் சீயக்காய் வண்டல். சனிக்கிழமை சனிக்கிழமையாக என் உடம்பிலிருந்து இறங்கியது. போடுகிற குளோரின் முழுக்க இதைத் தின்பதிலேயே தீர்ந்துவிடுமாம். சிரித்துச் சிரித்து அவருக்குக் கண்ணில் தண்ணீர்.

நான்தான் கேடு.

கடையில் கா.பா.விடம் சொல்லியிருக்கக் கூடாது. “முத்தையாண்ணே, குளத்தையே தாளிச்சுட்டீங்களே. கடுகு, கறிவேப்பிலை வேணுமா, தரட்டா?” அந்த வரிசைக் கடை அத்தனைக்கும் போய்ச் சொல்லிவிட்டார்.

நானும் சிரித்தேன். ஆனால் ஒன்று. கமலம் இருந்தவரை முதுகுக்கு எண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டு, வெந்நீர் ஊற்றுவது அவள். இப்போது முதுகு எட்டுவதில்லை. எண்ணெயைத் தோளிலிருந்து வழிய விடுவேன், அது போகவே போகாது. அந்தப் பிசுக்கோடு தண்ணீரில் மல்லாந்தால்தான் முதுகை யாரோ தாங்குவது போல இருக்கும். இதை ஆ லிம்மிடம் எந்த மொழியில் சொல்வது?

டிசம்பர் 7, புதன்

நேற்றும் இன்றும் தேய்ப்புதான். ஓட்டுக்குச் சோடாவும் பிரஷும். முட்டி வீக்கம். வடிகட்டியில் தண்ணீரை எதிர்ப்பக்கமாக விட்டு மணலை அலசினேன், பழுப்பாக வந்தது, பிறகு தெளிவாக. படிகாரக் கரைசல், சோடா, பம்ப் நிறுத்தம். எல்லாம் முதலிலிருந்து.

டிசம்பர் 8, வியாழன்

அடியில் பஞ்சு. உறிஞ்சியாயிற்று. புது டப்பா வாங்கி, குளோரின் அளவாக.

டிசம்பர் 9, வெள்ளி

முதல் சொட்டு வெளிர் மஞ்சள், நேற்றும் இன்றும் மாறாமல். இரண்டாவது ஆரஞ்சு. மேல் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தாலும் சல்லடை தெரிகிறது.

டிசம்பர் 10, சனி

எண்ணெய் இல்லை. கமலம் போன பிறகு தவறிய முதல் சனி.

ஸ்டேஷனில் ரயில் தாமதம். உமா உயரமாகிவிட்டாள், முன் பல் இரண்டு காணோம். மாப்பிள்ளை வீட்டுக்குள் நுழையாமல் நேராகக் குளத்துக்குத்தான் போனார். பேன்ட்டை மடித்துக் குந்தினார். நான் பின்னால் பரீட்சைப் பையன் மாதிரி.

“பெட்டி வச்சிருக்கீங்களா மாமா?” அவரே சொட்டு விட்டார். குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“பரவாயில்ல மாமா. யாரு பாத்துக்கிறா?”

“நாந்தான்.”

சரோ பெட்டிகளை இறக்கச் சொன்னாள்.

டிசம்பர் 13, செவ்வாய்

எழுத நேரமில்லை. உமா காலையில் இறங்கினால் விரல் சுருங்கிய பிறகுதான் ஏறுகிறாள். ஈரக் காலோடு வீடெல்லாம். சரோ கத்துகிறாள். கத்தட்டும்.

“தாத்தா, நீங்க ஏன் இறங்க மாட்டேங்குறீங்க?”

“எனக்கு ஜலதோஷம்டா.”

“எப்ப சரியாகும்?”

“நீ ஊருக்குப் போனதும்.”

டிசம்பர் 17, சனி

இரவு ரயிலில் அனுப்பிவிட்டு வந்தேன். ஏறும்போது மாப்பிள்ளை, “அடுத்த வருஷமும் வர்றோம் மாமா” என்றார். அடுத்த வருஷம். சோறு வடித்தது மிச்சம். மேசையில் பாதி கடித்த ஆப்பிள், பழுப்பேறிப் போய்.

டிசம்பர் 18, ஞாயிறு

காலைச் சோதனை. முதல் சொட்டு: மஞ்சள் இல்லை. தண்ணீர் மறுபடியும் மங்கல். இந்தத் தடவை எண்ணெய் இல்லை. ஒரு வாரமாகக் குழந்தை குதித்து, விழுந்து, கத்திக் கலக்கியது.

குளோரின் டப்பாவைத் திறந்து ஒரு குவளை அள்ளினேன். திரும்ப டப்பாவிலேயே கொட்டி மூடிவிட்டேன். போட்டால் நாளைக்கே தெளிந்துவிடும்.