சிக்கந்தரை நான் மாற்றியிருக்க வேண்டும்

செவ்வாய்க்கிழமை இரவு. ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பதினான்கு வருடம் கால்பந்து விளையாடியபோது வராத பயம், கோச் ஆன இரண்டாவது மாதத்திலேயே வந்துவிட்டது.

இன்று மாலை திருமங்கலத்தில் அரையிறுதி. எங்கள் கோல்கீப்பர் சிக்கந்தரும் எதிரணிக்காரர் ஒருவரும் ஒரே பந்துக்குப் பாய்ந்து தலையோடு தலை மோதிக்கொண்டார்கள். சிக்கந்தர் விழுந்தவன் உடனே எழவில்லை. ஓடிப்போய், "முடியுமா மாப்ள?" என்றேன்.

"ஒண்ணுமில்லண்ணே, நிக்கிறேன்."

அவன் பார்வை என் முகத்தில் நிலைக்கவில்லை. அதை நான் கவனித்தேன். மாற்று கோல்கீப்பர் தயாராகத்தான் இருந்தான். ஆனால் ஒரு கோல் முன்னிலையில் இருந்தோம். சிக்கந்தரையே நிற்க விட்டேன். ஜெயித்தோம்.

திரும்பும் வேனில், "அண்ணே, மேட்ச் எப்ப ஆரம்பிக்கும்?" என்று கேட்டான். விளையாட்டுக்குக் கேட்கிறான் என்று எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவனை வீட்டில் விட்டபோது அவன் மனைவி நூரியிடம் நான் எதுவும் சொல்லவில்லை.

எட்டு மணிக்கு நூரி போன் செய்தாள். "ரெண்டு தடவ வாந்தி எடுத்துட்டாருண்ணே. என் பேரச் சொல்லத் தெரியல."

காரை எடுத்துக்கொண்டு ஓடினேன். இப்போது அவனை ஸ்கேன் எடுக்க உள்ளே கொண்டுபோயிருக்கிறார்கள்.

சற்று முன் நூரி கேட்டாள். "கிரவுண்டுலயே உங்களுக்குத் தெரிஞ்சுச்சாண்ணே?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "தெரிஞ்சுச்சும்மா" என்றேன்.

எழுந்து எதிர் பெஞ்சுக்குப் போய்விட்டாள். ஸ்கேன் அறைக் கதவு இன்னும் திறக்கவில்லை. அது திறந்துவிடுமோ என்றும் பயமாக இருக்கிறது.