பாலத்திலிருந்து வராத போன்

நவம்பர் 12

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுறேன். நலம்னு எழுத மனசு வரல. மாமாவுக்கு வலது கால்ல கம்பி வெச்சிருக்காங்க. மூணு மாசம் பால் வண்டிப் பக்கமே போகக் கூடாதாம். படுத்த இடத்துல இருந்தே நர்ஸம்மாவுக்கு கியர் போடச் சொல்லித் தர்றார்.

பனிமூட்டத்துல ஆறு வண்டி மோதி ஒன்பது நாள் ஆச்சு. மாமாவுக்கு முன்னாடி சின்ன கார்ல போன தையல்காரர் அங்கேயே செத்துப் போயிட்டார். அவர் சம்சாரம் கை ஒடிஞ்சு பெண்கள் வார்டுல இருக்கா. பாவம், பேச்சுத் துணைக்கு நான்தான்.

ஊரே வந்து என் புருஷனைப் பார்த்துட்டுப் போச்சு. கூடப்பிறந்தவன் உன்னை மட்டும் காணோம். வானிலை நிலையத்துல லீவு தர மாட்டாங்களா? உன் மேல எனக்கு வருத்தம்தான்.

அக்கா

நவம்பர் 16

அன்புள்ள அக்கா,

லீவு கேட்கவே இல்ல. மாமா முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்ல.

இந்த மாசம் முழுக்க இம்சை. ஒரு நாள் சூறைக்காத்து, ஒரு நாள் ஆலங்கட்டி. இந்தச் சமவெளியில தடுக்க ஒரு மேடு கூடக் கிடையாது. போன மாசக் கடைசியில ரெண்டு தடவை பனிமூட்டம்னு எச்சரிக்கை கொடுத்தேன். ரெண்டு நாளும் பளிச்னு வெயில் அடிச்சுது. பள்ளிக்கூடத்தை மூடினவங்க, சந்தைக்குப் போகாதவங்க எல்லாரும் கேலி பண்ணாங்க. மேலதிகாரி கூப்பிட்டு வாங்கு வாங்குன்னு வாங்கினார்.

மாமா தினமும் ஆறு மணிக்குக் கால்வாய்ப் பாலத்துல வண்டியை நிறுத்தி எனக்குப் போன் பண்ணுவார், தெரியுமில்ல? தூரத்துத் தண்ணித் தொட்டி கண்ணுக்குத் தெரியுதா இல்லையான்னு சொல்வார். அது எங்க ரெண்டு பேருக்குள்ள இருந்த பழக்கம். அன்னைக்கு அஞ்சேகாலுக்கே மெஷின் பனின்னு காட்டிடுச்சு. அஞ்சரை ரேடியோ செய்திக்கே கொடுத்திருக்கணும். மறுபடியும் சிரிப்பாங்களேன்னு பயந்து, மாமா பார்த்துச் சொல்லட்டும்னு நிறுத்தி வெச்சேன். ஆறு மணிக்குப் போன் வரல. ஆறே காலுக்குப் போலீஸ்தான் பண்ணாங்க. பாலத்துக்கு ரெண்டு கிலோமீட்டர் முன்னாடியே எல்லாம் முடிஞ்சிருந்தது.

இதை யார்கிட்டயும் சொல்லல. உன்கிட்டதான் முதல்ல சொல்றேன்.

தம்பி

நவம்பர் 21

தம்பி,

உன் கடிதத்தை மாமாவுக்குப் படிச்சுக் காட்டினேன். "சின்னப் பையன், பயந்துட்டான், விடு"ன்னுட்டார். உனக்கு முப்பத்தாறு வயசு ஆகுதுன்னு நான்தான் ஞாபகப்படுத்தினேன்.

எனக்கு அவ்வளவு சுலபமா விட வரல. நாலு பேர் சிரிப்பாங்கன்னா என் புருஷனைப் பனிக்குள்ள அனுப்பி வேடிக்கை பார்ப்பியா?

இன்னொண்ணும் கேளு. உன் கடிதம் வர்றதுக்கு முன்னாடியே அந்தத் தையல்காரர் சம்சாரம் என்னைக் கேட்டா, "உங்க தம்பி அங்கதானே வேலை பார்க்கிறார், அன்னைக்கு ஏன்க்கா ரேடியோவுல சொல்லல?"ன்னு. எனக்கு என்னமோ உறுத்துச்சு. மெஷின் ரிப்பேர்னு வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். "பாவம், அவர் என்ன செய்வார்"னு உனக்காக உச்சுக்கொட்டினா. இப்போ அவ பக்கத்துல போய் உட்கார என்னால முடியல.

உனக்காக ஒரு பொய் சொல்லிட்டேன், ரெண்டாவது வராது. நீயே வந்து அவகிட்ட சொல்லு. மாமாவை நாளைக்கு வீட்டுக்கு அனுப்புறாங்க. சொல்லிட்டு நேரா நம்ம வீட்டுக்கு வா, சாப்பாடு எடுத்து வைக்கிறேன்.

அக்கா

நவம்பர் 27

அக்கா,

நேத்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொல்லிட்டேன். அந்த அம்மா முழுசாக் கேட்டாங்க. திட்டல. திட்டியிருந்தா தேவலை.

இதை மட்டும் சொன்னாங்க. "நீங்க பனின்னு சொன்ன ரெண்டு நாளும் நாங்க கடை திறக்கல சார். தெருவே சிரிச்சுது. அவர் மட்டும், நமக்காக ஒருத்தர் முழிச்சிருந்து பார்த்துச் சொல்றார்னு சொன்னார். அன்னைக்கும் அஞ்சரை செய்தியைக் கேட்டுட்டுத்தான் கார் சாவியை எடுத்தார்."

சிரிச்சவங்களை மட்டுமே நினைச்சுட்டு இருந்தேன் அக்கா. இப்படி நம்பிக் கேட்கிற ஆள் ஒருத்தர் இருப்பார்னு எனக்குத் தோணவே இல்ல.

நடந்ததை மேலதிகாரிக்கும் எழுதிக் கொடுத்துட்டேன்.

அப்புறம் உன் வீட்டு வாசல் வரைக்கும் வந்தேன். உள்ள மாமா யாரையோ கேலி பண்ணிட்டு இருந்தார். என்னைப் பார்த்தா "விடுடா"ன்னு சொல்லிடுவார். அந்த வார்த்தையை வாங்கிக்க எனக்கு யோக்கியதை இல்ல. மணி அடிக்காம திரும்பிட்டேன்.

எனக்குன்னு எடுத்து வெச்ச சாப்பாட்டை அவருக்கே போட்டுடு.

தம்பி