அம்மாவின் வலது முழங்கை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் உதைத்துக்கொண்டிருக்கும் குட்டியும் சுகமாக இருக்க வேண்டும், இங்கே நான் சுகம், அம்மாவைப் பற்றித்தான் அப்படி ஒரே வார்த்தையில் எழுத முடியவில்லை.

போனில் படம் ஏன் ஆடுகிறது என்று கேட்டாயே, அம்மா போனை இடது கையில் பிடித்திருக்கிறாள், அதனால்தான். வலது முழங்கை மடங்க மாட்டேன் என்கிறது. ஓட்டல் சலவைக்கூடத்தில் இத்தனை வருஷம் விரிப்புகளுக்கு இஸ்திரி போட்ட கை. சீப்பு தலைக்கு எட்டாமல் நின்றவளை வலுக்கட்டாயமாக எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் ஸ்கேன் படத்தைக் காட்டி, மூட்டின் வெளிப்பக்கம் குருத்தெலும்பு சுத்தமாகத் தேய்ந்து எலும்போடு எலும்பு உரசுகிறது, உள்பக்கம் இன்னும் பரவாயில்லை, ஓரத்தில் முள் மாதிரி எலும்பு வளர்ந்து மடக்க விடாமல் முட்டுகிறது என்றார். முள்ளைச் செதுக்கி எடுக்கலாமாம், "ஆனா தேஞ்சது திரும்ப வளராதுங்க" என்றும் சொல்லிவிட்டார். வண்டியாக இருந்தால் ஒரு பேரிங்கை மாற்றியிருப்பேன், ஆயுசு முழுக்க ஒர்க்‌ஷாப்பில் கிடந்தவன் சொந்தப் பெண்டாட்டி கைக்கு ஒன்றும் செய்யத் தெரியாமல் முழிக்கிறேன். அம்மா அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், "மூணு கிலோ தூக்கலாமா டாக்டர்?" என்று. அவர் இஸ்திரிப் பெட்டியை நினைத்து, "இனிமே அந்தப் பக்கமே போகாதீங்கம்மா" என்றார். அவள் கேட்டது உன் குழந்தையை.

அன்றிலிருந்து உள் அறையில் தலையணையை ஏந்தி ஏந்திப் பார்க்கிறாள், கை வளைந்து கொடுக்காமல் அது நழுவி விழுகிறது, நான் எட்டிப் பார்த்தால் உறை மாற்றுகிறாளாம். தலையாவது வாரிவிடலாமென்று போய், "இது முடிங்க, வண்டி கட்டுற கயிறில்ல" என்று வாங்கிக் கட்டிக்கொண்டேன். நேற்று, உன் பிரசவத்துக்கு அங்கே வர எடுத்த டிக்கெட்டை ரத்து செய்யச் சொல்லிவிட்டாள். "பாப்பா கேட்டா உங்களுக்கு பிரஷர்னு சொல்லிடுங்க. புள்ளைய கீழ போட்டுட்டா நான் தாங்க மாட்டேன்" என்றாள். அதெல்லாம் ஒன்றும் ஆகாது என்று சொல்ல வாயெடுத்தேன், ஆனால் எனக்கும் அதே பயம்தான். சரி என்று தலையாட்டிவிட்டு வந்து இதை எழுதுகிறேன், டிக்கெட்டை இன்னும் தொடவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, படியில் பார்த்து இறங்கு. நான் எழுதியதை அவளிடம் காட்டிக்கொள்ளாதே. ஒத்தாசைக்கு வா என்று கூப்பிட்டால் வர மாட்டாள். எனக்குப் பயமா இருக்கும்மா, பக்கத்துல வந்து உக்காந்திரு என்று கூப்பிடு. அது பொய்யில்லைதானே, கண்ணு?

நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்து எழுந்திரு, என் ஆசி முழுக்க உனக்குத்தான்.

இப்படிக்கு,
உன் அப்பா