அம்மாவின் பட்டத்துக்குக் குறையும் நான்கு கிரெடிட்

அனுப்புநர்:
பதினோராம் வகுப்பு மாணவி
(மாலை நேரப் பட்டப்படிப்பு, பதிவெண் 40617 மாணவரின் மகள்),
மருத்துவமனை ஊழியர் குடியிருப்பு,
மூன்றாம் மாடி, கடைசிக் கதவு.

பெறுநர்:
பதிவாளர் அவர்கள்,
பல்கலைக்கழக நிர்வாகக் கட்டடம்.

பொருள்: பட்டப்படிப்புக்கான பொதுக் கல்விப் பாடங்களில் செய்முறை அறிவியல் பாடம் ஒன்று குறைகிறது என்று என் தாயாரின் பட்ட விண்ணப்பம் திருப்பப்பட்டது – அவர் முதலில் சேர்ந்த ஆண்டின் விதிப்படி பரிசீலிக்க வேண்டுவது – தொடர்பாக.

பார்வை: 1. பொதுக் கல்விக் கையேடு, பழைய பதிப்பு, நான்காம் பிரிவு. 2. மூன்றாம் கவுன்ட்டரில் சென்ற திங்கட்கிழமை வாய்மொழியாகத் தரப்பட்ட பதில்.

மதிப்பிற்குரிய பதிவாளர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் ஐயாவா அம்மாவா என்பது கையேட்டில் எங்கும் குறிப்பிடப்படவில்லை. ஆகவே பதவியைச் சொல்லி அழைத்திருக்கிறேன். மரியாதைக் குறைவாக எண்ண வேண்டாம். நான் தங்கள் பல்கலைக்கழகத்தின் மாணவி இல்லை. ஆனால் தங்கள் கையேட்டை ஆறு ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். என் தாயார் எந்த செமஸ்டரில் எந்தப் பாடம் எடுக்க வேண்டும் என்று காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கோடு போட்டுத் திட்டம் வகுத்தவள் நான்தான். அந்த உரிமையில் இந்த மனுவை எழுதுகிறேன்.

1. என் தாயார் மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் பணிபுரிகிறார். காலை ஐந்து மணிக்கு வேலை தொடங்கும், பகல் ஒரு மணிக்கு முடியும். மாலை நான்கு முதல் எட்டு வரை தங்கள் பல்கலைக்கழகத்தில் மருத்துவ ஆவண நிர்வாகம் படிக்கிறார். நான் எழும்போது அவர் வேலையில் இருப்பார். நான் பள்ளி விட்டு வரும்போது வகுப்பில் இருப்பார். வகுப்பு முடிந்து வந்தபின் சாப்பிட்டுப் படுக்கத்தான் நேரம் இருக்கும். வீட்டில் நாங்கள் இருவர் மட்டுமே.

2. ஆகவே எங்கள் பேச்சு பெரும்பாலும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் நடக்கிறது. அது சமையலறை அலமாரியில், சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கும். அவர் பகலில் வந்து எழுதுவார். நான் மாலையில் படித்துவிட்டுக் கீழே பதில் எழுதுவேன். இப்போது நடப்பது பதினேழாவது நோட்டு.

3. பொதுக் கல்விப் பாடங்கள் வீண் சுமை என்று சிலர் தங்களிடம் புகார் செய்திருக்கலாம். என் மனு அப்படிப்பட்டது அல்ல. தொழில்பாடங்கள் மட்டும் நடந்த செமஸ்டர்களில் நோட்டில் இருந்தவை இப்படித்தான்: “சாதம் இருக்கு. கதவைத் தாப்பாள் போடு.” பொதுப் பாடங்கள் தொடங்கியபிறகு பக்கங்கள் நீண்டன. நிலவியல் எடுத்த காலத்தில் ஒரு நாள் எழுதியிருந்தார்: “பாறை வாத்தியார் ஒரு கல்லைக் காட்டி அதுக்கு நூறு கோடி வயசுன்னாரு. முப்பத்தெட்டு வயசுல படிக்கப் போறோமேன்னு நான் வெக்கப்பட்டுட்டு இருந்தேன் பாரு! அடுப்பு மேல பால் இருக்கு, எடுத்துக் குடி.” தர்க்கவியல் பாடம் நடந்தபோது: “இன்னைக்கு ஒரு பையன் பேசிப் பேசியே நாற்காலின்னு ஒண்ணு கிடையாதுன்னு நிரூபிச்சுட்டான். நாங்க எல்லாரும் அதுமேலதான் உக்காந்திருந்தோம்.” அதற்குக் கீழே நான், “யாராவது விழுந்தீங்களாம்மா?” என்று எழுதினேன். இசை ரசனை வகுப்பில் அவர் தூங்கிவிட்டார் என்பதையும் மறைக்கவில்லை. “வாத்தியாரம்மா எழுப்பவே இல்ல. தங்கமான பொம்பள.”

தங்கள் விதியால் எனக்குக் கிடைத்தவை இவை. வீட்டில் தனியாக இருக்கும் நேரத்தில் பழைய நோட்டுகளை எடுத்து மறுபடி படிப்பதுண்டு. இது மனுவுக்குத் தேவையற்றது என்றால் தாங்கள் இந்தப் பத்தியை விட்டுவிடலாம்.

4. இனி புகார். சென்ற மாதம் என் தாயார் பட்டத்துக்கு விண்ணப்பித்தார். பழைய கையேட்டின்படி அவர் முடிக்க வேண்டிய பொதுப் பாடங்கள் பன்னிரண்டு. பன்னிரண்டையும் முடித்துவிட்டார். திங்கட்கிழமை எனக்குப் பள்ளி விடுமுறை என்பதால் அவருடன் நானும் மூன்றாம் கவுன்ட்டருக்குச் சென்றிருந்தேன். புதிய கையேட்டின்படி பதின்மூன்றாவதாக, செய்முறையுடன் கூடிய அறிவியல் பாடம் ஒன்று, நான்கு கிரெடிட், குறைவதாக அங்கே சொன்னார்கள். கவுன்ட்டரில் இருந்தவர், கண்ணாடியைக் கயிற்றில் மாட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பவர், நல்லவர்தான். “நான் ஏத்துக்கிட்டாலும் கம்ப்யூட்டர் ஏத்துக்க மாட்டேங்குதும்மா. இவ்வளவு தூரம் வந்துட்டீங்க, இதையும் ஒரு கை பார்த்துடுங்களேன்” என்றார்.

5. அந்தப் பாடத்தை ஒரு கை பார்க்க முடியாததற்குக் காரணம், அதன் செய்முறை வகுப்பு செவ்வாய், வியாழன் காலை எட்டு முதல் பதினொன்று வரை மட்டுமே நடக்கிறது. மாலையில் இல்லை, சனிக்கிழமையில் இல்லை. மாலை நேரப் படிப்பு என்று சேர்த்துக்கொண்டு, காலையில் மட்டும் நடக்கும் பாடத்தைக் கட்டாயமாக்குவது எப்படிப் பொருந்தும் என்று எனக்கு விளங்கவில்லை. மேலும், இடைவெளிக்குப் பின் அவர் திரும்பி வந்த நாளிலிருந்து ஐந்து செமஸ்டர்களுக்கு எங்கள் பாடத்தேர்வுப் படிவத்தில் அதே கவுன்ட்டரில் முத்திரை வைத்திருக்கிறார்கள். தாங்கள் வேறு கையேட்டைப் பார்க்கிறீர்கள் என்று ஒருமுறையும் யாரும் சொல்லவில்லை.

6. என் தாயாருக்குச் செய்முறை அறிவியல் புதிதல்ல என்பதையும் பதிவு செய்ய விரும்புகிறேன். ரத்தக்கறைத் துணியை முதலில் வெந்நீரில் போட்டால் கறை நிரந்தரமாகிவிடும், குளிர்ந்த நீரில்தான் ஊற வைக்க வேண்டும் என்பதும், எந்த மருந்துக் கறைக்கு எது போட வேண்டும் என்பதும் அவருக்குக் கைவந்தவை. வேலை அனுபவத்துக்கு கிரெடிட் கிடையாது என்று கையேட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. அதை மாற்றும்படி கேட்கவில்லை. எழுதாமல் இருக்க மனம் வரவில்லை.

7. இதில் அவசரம் என்னவென்றால், மருத்துவமனையின் ஆவணப் பிரிவில் ஓர் இடம் காலியாகியிருக்கிறது. பட்டம் முடித்ததற்கான சான்று இந்த மாத இறுதிக்குள் தர வேண்டும். அந்த வேலை காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை. கிடைத்தால், காலையில் நான் எழும்போது அவர் வீட்டில் இருப்பார். மாலையிலும் இருப்பார். அடுத்த ஆண்டு எனக்குப் பள்ளி முடிகிறது; பிறகு நானும் வெளியூரில் படிக்கப் போக நேரலாம். ஆகவே இந்த ஓர் ஆண்டுதான் மிச்சம். நோட்டு இல்லாமல் என்ன பேசுவோம் என்று நினைத்துப் பார்த்திருக்கிறேன். பழக்கமில்லாததால் முதலில் கொஞ்சம் கூச்சமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

8. எங்களுக்குப் புதிய கையேடு ஏன் பொருந்துகிறது என்பதை இப்போது சொல்ல வேண்டும். நான் எட்டாம் வகுப்பில் இருந்தபோது என் தொடை எலும்பில் தொற்று ஏற்பட்டு இரண்டு முறை அறுவை சிகிச்சை நடந்தது. என் தாயார் இரண்டு செமஸ்டர் படிப்பை நிறுத்தினார். அதற்கான படிவத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன. ஒன்று, தற்காலிக விடுப்பு. அதற்குத் திரும்பும் தேதி எழுத வேண்டும். மற்றொன்று, விலகல், அதற்குத் தேதி வேண்டாம். விடுப்பில் போனவருக்குப் பழைய விதி தொடரும். விலகியவர் மீண்டும் சேர்ந்தால், சேரும் ஆண்டின் விதிதான். இது படிவத்தில் இல்லை. புதிய கையேட்டின் அடிக்குறிப்பில் இருப்பதை இந்த வாரம்தான் கண்டேன்.

9. அந்தப் படிவத்தை நிரப்பியது நான். வார்டில், கட்டிலில் சாய்ந்தபடி, சாப்பாட்டுத் தட்டைத் தாளுக்கு அடியில் வைத்து நிரப்பினேன். என் தாயார் டாக்டரிடம் பேசிக்கொண்டிருந்தார். எப்போது நடப்பேன் என்று கேட்டதற்கு டாக்டர், “இப்ப சொல்ல முடியாதும்மா, போகப் போகத்தான் தெரியும்” என்றார். அது என் காதில் விழுந்தது. திரும்பும் தேதி தெரியாதபோது ஒரு தேதியை எழுதினால் அது பொய் என்று நினைத்தேன். பல்கலைக்கழகத்துக்குப் பொய் எழுதக் கூடாது என்று, தேதி கேட்காத கட்டத்தில் டிக் போட்டேன். காரணம் என்ற இடத்தில் ‘மகளின் உடல்நிலை’ என்று எழுதியதும் நானே. என்னைப் பற்றி நானே அப்படி எழுதுவது வேறு யாரையோ பற்றி எழுதுவது போல இருந்தது. அம்மா வந்து, படிக்காமலேயே கையெழுத்துப் போட்டார். “நீ எழுதினா சரியாத்தான் இருக்கும்” என்றார்.

10. திங்கட்கிழமை கவுன்ட்டரில் அந்தப் படிவத்தை எடுத்துக் காட்டினார்கள். நான் பழைய கையேட்டுப் பக்கங்களை ஒப்பித்ததைக் கேட்டு, “பொண்ணு நம்ம கையேட்டையே கரைச்சுக் குடிச்சிருக்கா!” என்று கண்ணாடிக் கயிற்றுக்காரர் அப்போதுதான் சிரித்திருந்தார். பிறகு டிக்கைச் சுட்டி, “இதை யாரும்மா போட்டது?” என்று கேட்டார். அம்மா குனிந்து பார்த்தார். பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது. என் டிக்கின் வால் எப்போதும் கட்டத்துக்கு வெளியே போகும். பள்ளியில் ஆசிரியர்கள்கூடச் சொல்வார்கள். அம்மா உடனே, “நான்தாங்க போட்டேன். அவசரத்துல கவனிக்கல” என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். ஒன்றும் சொல்லவில்லை.

பஸ்ஸில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். மறுநாள் நோட்டில், “பழைய ஃபாரத்தை நினைச்சுட்டு உக்காந்திருக்காத. சாப்பிட்டியான்னு மட்டும் எழுது” என்று இருந்தது. ஆறு ஆண்டுகளில் முதன்முறையாக நான் பதில் எழுதவில்லை. செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி எனப் பக்கத்தின் கீழ்ப்பாதி அப்படியே இருக்கிறது. அவர் தன் பங்கை மட்டும் எழுதி வைத்துவிட்டுப் போகிறார்.

ஆகவே, தங்களிடம் நான் கேட்டுக்கொள்வது:

அந்தப் படிவத்தில் உள்ள ‘விலகல்’ என் தாயாரின் முடிவு அல்ல. படிப்பை விட வேண்டும் என்று அவர் ஒரு நாளும் நினைத்ததில்லை. வார்டில் என் கட்டிலுக்கு அடியில் அவருடைய புள்ளியியல் புத்தகம் இருந்தது. அதை விடுப்பாகக் கருதி, அவர் சேர்ந்த ஆண்டின் விதிப்படி பன்னிரண்டு பாடங்களும் முடிந்தன என்று ஏற்று, மாத இறுதிக்குள் சான்று வழங்க ஆவன செய்ய வேண்டுகிறேன். அது இயலாதென்றால், செய்முறை வகுப்பை ஒரு செமஸ்டருக்காவது மாலையில் நடத்த வேண்டுகிறேன். அந்த வேலை கைவிட்டுப் போனாலும் பட்டமாவது கிடைக்கட்டும்.

பதிலை அம்மாவின் பெயருக்கு அனுப்பவும். நான் எழுதியது அவருக்குத் தெரியாது. தபாலில் போடும் முன் இதன் நகலை நோட்டின் வெற்றுப் பக்கங்களில் எழுதி வைக்கப் போகிறேன். நாளை பகலில் அவர் படித்துக்கொள்வார்.

இணைப்பு: 1. பழைய கையேடு, நான்காம் பிரிவின் நகல். 2. மருத்துவமனையின் சிகிச்சைக் குறிப்பு. 3. கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்க்கத் தனியாக எதுவும் இணைக்கவில்லை. இந்த மனு முழுவதும் என் கையால் எழுதியது. படிவத்தில் உள்ள ‘மகளின்’ என்ற சொல்லையும் கீழே என் கையொப்பத்தில் உள்ள அதே சொல்லையும் அருகருகே வைத்துப் பார்க்கவும்.

தேதி: ஒன்பது, வெள்ளிக்கிழமை மாலை
இடம்: வீடு, சமையலறை மேசை

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
(கையொப்பம்)
பதிவெண் 40617 மாணவருடைய மகளின் கையெழுத்து