மல்லிகாவை அனுப்பிவைத்த நாட்கள்

ஜன. 28, ஞாயிறு

கடும் பனி. எட்டு மணிக்கும் எதிர்வீட்டு முருங்கை தெரியவில்லை. பால் லேட். ஒன்பதாம் வகுப்புப் பேப்பர் பாதிக்கட்டு பாக்கி.

மல்லிகா வந்தாள். என் பழைய மாணவி. பி.ஏ., பி.எட். முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுக் காத்துக் கிடந்தவள். நைஜீரியாவில் இங்கிலீஷ் டீச்சர் வேலை உறுதியாகிவிட்டது. அடுத்த ஞாயிறு ரயில். மெட்ராஸ், பம்பாய், பிறகு விமானம்.

இதுவரை நான் தயார்செய்து எத்தியோப்பியா, ஜாம்பியா என்று அனுப்பியதெல்லாம் வாத்தியார் வீட்டுப் பிள்ளைகள், கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகள். கூலி வீட்டிலிருந்து போகிற முதல் ஆள் இவள். அப்பா வீரையன், அம்மா அஞ்சலை. இரண்டு பேரும் என் அண்ணன் வயலில்தான் வேலை.

மெட்ராஸ் இன்டர்வியூ கதையை மறுபடி சொல்லிச் சிரித்தாள். 'எங்கள் நாட்டுக்கு ஏன் வர விரும்புகிறாய்' என்பார்கள், 'புதிய பண்பாட்டை அறிய' என்று சொல் என்று மனப்பாடம் செய்ய வைத்திருந்தேன். இவள் 'எங்கள் ஊரில் எனக்கு வேலை இல்லை' என்று சொல்லியிருக்கிறாள். கேட்டவரும் சிரித்துவிட்டாராம்.

வாங்க வேண்டியவை: ஷூ (பழக்கமில்லை, இப்போதே போட்டு நடக்கட்டும்). நூல் சேலை. வயிற்றுவலி மாத்திரை. புளி. அகராதி வேண்டாம், என்னுடையதையே கொடுத்துவிடலாம்.

பிறகு கொஞ்ச நேரம் இங்கிலீஷிலேயே பேச்சு. வார்த்தை கிடைக்காவிட்டால் இன்னும் தமிழுக்குத் தாவிவிடுகிறாள்.

ஜன. 31, புதன்

மனசு சரியில்லை. ஏழாம் வகுப்பில் அதே பாடத்தை இரண்டு தரம் நடத்தினேன், பிள்ளைகள் சொல்லித்தான் தெரிந்தது.

சம்பா அறுவடை. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு ஆட்கள் வயலில் இறங்கவில்லை. தாசில்தார் வைத்த பேச்சும் முறிந்தது. அண்ணன் இன்று காலை வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கிவிட்டார். வரப்பில் மறித்தவர்களுக்கும் அவர்களுக்கும் அடிதடி. வீரையனுக்குத் தலையில் அடி. தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

சாயங்காலம் அண்ணன் வந்தார்.

"நான் அந்த எடத்துலயே இல்ல சாரதா. லாரில வந்த பயலுவ பண்ணது."

"லாரிய வரச் சொன்னது யாருண்ணே?"

"நெல்லு முத்திக் கொட்டுது. அப்புடியே வுட்டுடச் சொல்றியா?"

காபி போட்டேன். குடிக்கவில்லை. போகும்போது, "நீ வேற அந்தப் பொண்ணுக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடுத்து ஏத்தி வுட்டிருக்க."

இந்த வீட்டு அரிசி அந்த வயல் அரிசிதான். சமைக்கப் பிடிக்கவில்லை. இரண்டு துண்டு ரொட்டி.

பிப். 2, வெள்ளி

லீவு. தஞ்சாவூர். பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன்.

வீரையன் தலை முழுக்கக் கட்டு. நினைவு இருக்கிறது. பேச்சு மெதுவாக. அஞ்சலை கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தாள். மல்லிகா போகமாட்டேன் என்கிறாள்.

"இங்கன குந்திக்கிட்டு என்ன பண்ணப் போற? மருந்தா குடுக்கப் போற?" என்றார் வீரையன். பிறகு என்னிடம், "டீச்சரம்மா, நீங்க சொன்னா கேப்பா. ரயிலேத்தி வுட்டுடுங்க. நான் கெடந்து எந்திரிச்சிடுவேன்."

என் அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டுத் திட்டியிருந்தால் தேவலை.

டாக்டர் எங்கள் இருவரிடமும் சொன்னது: "ரெண்டு மூணு நாள் போகட்டும், பாக்கலாம்."

மல்லிகாவிடம் போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. வராந்தாவில் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். ஆரஞ்சு உரித்தாள். சாப்பிடவில்லை.

பிப். 4, ஞாயிறு

வீரையன் நேற்று கஞ்சி குடித்தாராம். அதை வைத்துத்தான் கிளம்பச் சம்மதித்தாள்.

தஞ்சாவூர் ஸ்டேஷன். அஞ்சலை ஆஸ்பத்திரியிலிருந்து நடந்தே வந்திருந்தாள். அம்மாவும் மகளும் அதிகம் பேசவில்லை. "துணிய இறுக்கிக் கட்டு, பெட்டிய பாத்துக்க" இவ்வளவுதான். மல்லிகாவுக்குப் புது ஷூவில் குதிகால் உரிந்துவிட்டது. பஞ்சு வைத்துக் கொடுத்தேன்.

"விமானம் வெள்ளிக்கிழமை ராத்திரி டீச்சர். அன்னிக்கு மத்தியானம் ஸ்கூலுக்கு டிரங்க் கால் போடுறேன். அப்பா எப்படி இருக்காங்கன்னு உள்ளது உள்ளபடி சொல்லணும். மோசமா இருந்தா திரும்பி வந்துடுவேன்."

சொல்கிறேன் என்றேன்.

பிப். 7, புதன்

வீரையன் இன்று காலை இறந்துவிட்டார்.

பிப். 8, வியாழன்

போனேன். வீரையன் தெரு முனையில் போலீஸ் வேன். செங்கொடிக்காரர்கள் நிறைய. யாரும் வராதே என்று சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. அஞ்சலை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள். அடக்கம் ஆகும்வரை இருந்தேன்.

மல்லிகா கொடுத்த பம்பாய் லாட்ஜ் விலாசம் கைப்பையில். தபால் ஆபீஸ் வாசல்வரை போனேன். அஞ்சலையைக் கேட்காமல் தந்தி கொடுக்க நான் யார்? திரும்பிவிட்டேன்.

அண்ணன் வீட்டு வழியாகத்தான் பஸ். தலையைக் குனிந்துகொண்டேன்.

பிப். 9, வெள்ளி

பதினோரு மணிக்கே அஞ்சலை பள்ளிக்கூட கேட்டில். உள்ளே கூப்பிட்டேன். நாற்காலியைத் தொடவில்லை.

"ஒங்க அண்ணன் வயல்லதான் விழுந்தாரு. அதப் பேச நான் வரல டீச்சரம்மா. இன்னிக்கு போன் பண்றேன்னு சொன்னாள்ல. சொல்லிடாதீங்க."

"பொய் சொல்ல மாட்டேன் அஞ்சலை. உள்ளத சொல்றேன்னு அவகிட்ட சொல்லியிருக்கேன்."

"சொன்னா வந்துடுவா. வந்தா அப்பறம் என்னோட நாத்துப் பறிக்கத்தான் வரணும்."

நான் மேஜை மேலிருந்த நோட்டுகளை அடுக்கினேன்.

"அப்ப நான் சொல்றேன்" என்றாள்.

ஹெச்.எம். அறையிலேயே காத்திருந்தோம். இரண்டு மணி தாண்டி அழைப்பு வந்தது. அஞ்சலை ரிசீவரைத் தலைகீழாகப் பிடித்தாள், திருப்பிக் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு பேசினாள். குரல் பிசகவே இல்லை.

"அப்பா தூங்குறாரு. கட்டு பிரிச்சாச்சு. நேத்து இட்லி தின்னாரு. நீ கெளம்பு. நீ நல்லா சாப்புடு."

பிறகு என்னிடம் நீட்டினாள். காதில் வைத்தேன். இரைச்சல். அதற்கு நடுவே மல்லிகா, இங்கிலீஷில்:

'டீச்சர், அம்மா ஏன் ஸ்கூலில் இருக்கிறார்? அப்பாவை விட்டு வந்திருக்க மாட்டாரே. அப்பா இறந்துவிட்டாரா?'

அஞ்சலை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் இங்கிலீஷில்தான் சொன்னேன். ஆமாம். புதன்கிழமை காலை.

லைன் போய்விட்டது என்று நினைத்தேன். பிறகு:

'நான் போகிறேன். எனக்குத் தெரியும் என்று அம்மாவிடம் சொல்லாதீர்கள். அம்மாவுக்காகவே போகிறேன்.'

ஒரு வார்த்தைகூடத் தடுமாறவில்லை. நான் சொல்லிக்கொடுத்த இங்கிலீஷ்.

"என்ன சொல்றா?" என்றாள் அஞ்சலை.

"ஏரோப்ளேனுக்கு நேரமாயிடுச்சாம். போயிட்டு வர்றேங்குறா."

பொய் சொல்ல மாட்டேன் என்று காலையில் அவளிடம் சொன்ன அதே வாய்.

அவள் தலையாட்டினாள். கேட் தாண்டும்வரை நிமிர்ந்து நடந்தாள். பிறகு சைக்கிள் ஸ்டாண்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான் போகவில்லை. போகலாமா என்று தெரியவில்லை. ஆயாதான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

பிப். 11, ஞாயிறு

பனி விட்டுவிட்டது. வெயில். பேப்பர் திருத்தி முடித்தேன்.

அண்ணன் வழக்கம்போல ஆளிடம் அரிசி மூட்டை அனுப்பியிருந்தார். வேண்டாம், எடுத்துக்கொண்டு போ என்றேன். 'ஐயா கேப்பாரு, என்ன சொல்றது?' என்று நின்றான். கடையில் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லச் சொன்னேன்.

மல்லிகாவுக்கு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பழக்கமாம், இன்னொரு பெண் இன்டர்வியூவுக்குச் சொல்லித்தரக் கேட்டு வந்தாள். அடுத்த மாதம் வா என்றேன்.

பிப். 27, செவ்வாய்

மல்லிகாவிடமிருந்து கார்டு. ஏதோ சின்ன ஊர்ப் பள்ளிக்கூடம். தகரக் கூரை. வகுப்பில் பெரிய பிள்ளைகள், பெயர்களைச் சரியாகச் சொல்ல இவள்தான் கற்றுக்கொண்டிருக்கிறாளாம். அப்பாவை விசாரித்ததாகச் சொல்லவும் என்று கடைசி வரி. அம்மாவுக்காக எழுதிய வரி.

சாயங்காலம் அஞ்சலை வந்தாள். படித்துக் காட்டினேன். கடைசி வரியையும் படித்தேன். கார்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அங்க போய் நெலச்சிட்டா. இனிமே சொல்லிடலாம். எழுதுங்க டீச்சரம்மா."

ஏர்மெயில் தாளை எடுத்தேன்.

"நல்லாத்தான் இருந்தாரு, முந்தாநாளு தூக்கத்துலயே போயிட்டாருன்னு எழுதுங்க. வலி இல்லாம போனாருன்னு எழுதுங்க. நீ ஏரோப்ளேன் ஏறினத கேட்டுச் சந்தோஷப்பட்டாருன்னும் எழுதுங்க."

அவள் சொன்னபடியே எழுதினேன். படிக்கச் சொன்னாள். படித்தேன்.

"நம்புவாள்ல?"

"நம்புவா."

தாளை என் கையிலிருந்து வாங்கி, நாக்கில் ஈரம் தொட்டு, ஓரத்தை அவளே ஒட்டினாள்.