வாசல் கேட்டுக்கு எண்ணெய் வேண்டாம்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம்,

முட்டிவலி தேவலையா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

இங்கே ஸ்டுடியோவில் ஜாஸ் ஆல்பம் ஒன்று பதிவாகிறது. ஊருக்கு ஒரு பாட்டு. ஒன்று நம் ஊருக்கு. "உங்க ஊர்ச் சத்தம் ஏதாவது இருக்கா?" என்று கேட்டார் சாக்ஸபோன்காரர். உன் வாய்ஸ் மெசேஜைப் போட்டுக் காட்டினேன். நேரத்துக்குச் சாப்பிடுவதில்லை என்று நீ என்னைத் திட்டுகிறாய். பின்னால் அப்பா வாசல் கேட்டைத் திறக்கிறார். அதைக் கேட்டதும் சாக்ஸபோன்காரர் துள்ளிக் குதித்தார். "அந்தக் கிறீச் பிரமாதம்! பேச்சை மட்டும் எடுத்துடுங்க."

ஒலியை வெட்டி ஒட்டுவதுதானே என் வேலை, வெட்டினேன். சிரிக்காதே, அந்தக் கிறீச்சுக்கு டிரம்ஸ்காரர் தாளம் போடுகிறார். ஒவ்வொரு முறையும் கதவைத் திரும்பிப் பார்க்கிறேன்.

நான் வரும்வரை கேட்டுக்கு எண்ணெய் போட வேண்டாமென்று அப்பாவிடம் சொல். கூப்பிடுகிறார்கள், போகிறேன்.

வெட்டிய உன் திட்டைத் தூக்கிப்போடவில்லை அம்மா. சாப்பிட உட்காரும்போது போட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

உன் மகன்